பௌர்ணமிக்கு எந்த டீமுக்காக மலை சுற்றுவது?

அண்ணாமலையார் துணை.

இனியன் அப்பாவுக்கு வணக்கம். உங்கள் இருமல் குறைந்ததா? லண்டனில் நானும் பிள்ளையும் நலம். குளிர்தான் ஜாஸ்தி.

நீங்கள் பயப்பட ஒன்றுமில்லை. எனக்குத்தான் இன்னும் படபடப்பு அடங்கவில்லை. நம் பிள்ளையும் அவனோடு தங்கியிருக்கும் வேங்கிக்கால் மணிவேலும் ஃபுட்பால் டீமுக்காகச் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள்! பாதி சீசன்தான் முடிந்திருக்கிறது. கடைசியில் வரும் மூன்று டீம்களைக் கீழ்ப் பிரிவுக்குத் தள்ளிவிடுவார்களாம். இவர்கள் ஆளுக்கொன்றாகக் கொண்டாடும் இரண்டு டீம்களும் அங்கேதான் தத்தளிக்கின்றன.

“உங்க டீமு கீழ எறங்கிடும் பாரு” என்றான் நம் இனியன்.

“எங்களவிட ஒரு பாயிண்ட் கம்மி, நீ பேசுறியா? எங்கம்மா பௌர்ணமிக்கு எங்க டீமுக்காக மலை சுத்தப் போறாங்கடா!”

“அம்மா, அப்பாவ நம்ம டீமுக்காகச் சுத்தச் சொல்லும்மா!”

அரண்டுபோனேன். சாமியிடம் போய் இதையா கேட்பது?

இப்போது ஆளுக்கொரு அறையில் சாப்பிடுகிறார்கள். நான் அடுப்படியில் தனியாக.

பௌர்ணமிக்கு மணிவேல் அம்மா ஜோதியம்மாளோடு சேர்ந்தே போங்கள். பந்தைப் பற்றி இருவரும் வாயைத் திறக்காதீர்கள். பிள்ளைகள் பேசிக்கொண்டால் போதும் என்று கேளுங்கள். விபூதி அனுப்புங்கள். தனித்தனியாக வேண்டாம், இரண்டு பேருக்கும் ஒரே பொட்டலமாகக் கட்டுங்கள்.

தபாலுக்கு நேரமாகிவிட்டது.

மணிமொழி