ஏழுமலை எடுக்கப்போன மாத்திரை

கார்த்திகை 14, வியாழன்.

வெள்ளத்துக்குப் பயந்து வீட்டைவிட்டு வந்தவர்கள் எங்கள் பள்ளிக்கூடத்தில் தங்கியிருக்கிறார்கள். இன்றும் அரிசியும் புடவையும்தான் வந்தன.

மத்தியானம் ஏழுமலை வந்து, "டீச்சர், பொண்ணுக்கு வலிப்பு மாத்திரை தீந்துபோச்சு. வூட்டுப் பரண்ல ஒரு அட்டை கீது, போய்ட்டு வர்றேன்" என்றார்.

"ஓடையில தண்ணி இறங்கலையே. நாளைக்கு நர்ஸம்மா வந்துடுவாங்க."

"ரெண்டு நாளா இதத்தானேங்க சொல்றீங்க?"

நான் தடுக்கவில்லை.

ஆறு மணிக்கு மலைமேல் மழை பிடித்துக்கொண்டது. ஏழுமலை இன்னும் திரும்பவில்லை. தீயணைப்புக்காரர்களுக்குச் சொல்லிவிட்டேன். விடிந்தால்தான் ஓடையில் இறங்க முடியுமாம்.

அப்பா எங்கே என்று அந்தப் பெண் கேட்டாள். மாத்திரை வாங்க வேலூருக்குப் போயிருக்கிறார் என்று பொய் சொன்னேன். நம்பிக்கொண்டு என் பக்கத்திலேயே படுத்துத் தூங்கிவிட்டாள்.

இப்போது அவளுடைய இடது கை லேசாக வெட்டி இழுக்கிறது.