கிளச் மேல் வைத்த கால்

நேற்று மத்தியானம் பீளமேட்டு ரயில்வே கேட்டில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு புதுக் கார். தண்டவாளத்துக்கு ஏறுகிற மேட்டில், கை பிரேக்கைப் போடாமல், கிளச்சைப் பாதி அமுக்கியும் பாதி விட்டும் வண்டியைப் பின்னால் நகராமல் பிடித்துக்கொண்டிருந்தார் அதை ஓட்டியவர். கூட்ஸ் வண்டி முடிவில்லாமல் போய்க்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அந்த வாசம் வந்துவிட்டது. பழைய சாக்கும் ரப்பரும் சேர்ந்து கருகினால் வருமே, அது. கிளச் தட்டு கருகும் வாசம்.

இறங்கிப் போய் அவருடைய கதவைத் தட்டினேன். "காலை எடுய்யா! கிளச்சு மேல இருந்து காலை எடு! கை பிரேக் எதுக்கு இருக்குது, சட்டை மாட்டறதுக்கா?" என்று கத்தினேன். முன்பின் தெரியாத மனிதர். கேட்டில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் பதறிப்போய், "எடுத்துட்டேனுங்க, கோவிச்சுக்காதீங்க" என்றார். நம் கோயமுத்தூர்க்காரர்தான், சந்தேகமில்லை. திரும்பி வந்து என் வண்டியில் உட்கார்ந்தேன். கேட் திறந்தது. பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். எனக்கு வண்டியை எடுக்கக் கை வரவில்லை.

நான் அந்த ஆளிடம் கத்தினதை நீங்கள் என்னிடம் ஒரு தடவை கத்தியிருக்கலாம், டிரைவரே. நீங்கள் கண்ணை மூடி நாலு மாதம் ஆகிறது. இனிமேல் கேட்டு என்ன ஆகப்போகிறது? இருந்தாலும் கேட்கிறேன். உங்களுக்கு வாய் இல்லையா?

நாம் இரண்டு பேரும் சேர்ந்து அந்தப் பழைய கறுப்புக் காரை வாங்கி, ஸ்டேஷன் முன்னால் டாக்சியாக ஓட்டினோம். திங்கள் முதல் புதன் வரை நான், வியாழன் முதல் சனி வரை நீங்கள், ஞாயிற்றுக்கிழமை வண்டிக்கு லீவு. புதன்கிழமை சாயங்காலம் நான் வண்டியைக் கழுவி உங்கள் வீட்டு வாசலில் நிறுத்திச் சாவியை நீட்டுவேன். "வண்டி நல்லா இருக்குதுங்க" என்பேன். "செரிங்க டிரைவரே" என்பீர்கள். சனிக்கிழமை நீங்கள் என் வாசலில் நிறுத்தி அதையே சொல்வீர்கள், நானும் அதையே பதிலாகச் சொல்வேன். இருவரும் டிரைவர்கள், ஒரே வயது, ஆனாலும் பேர் சொல்லாமல் ஒருவரை ஒருவர் டிரைவரே என்றுதான் கேலியாகக் கூப்பிட்டுக்கொண்டோம். ஒரு நாளும் அந்த 'ங்க'வை விட்டதில்லை. நம் சிநேகிதத்தில் எனக்குப் பெருமையாக இருந்ததே அதுதான்.

என் இடது காலின் கதை உங்களுக்குத் தெரியும். டாக்சிக்கு முன்னால் நான் ஒரு மில் முதலாளி வீட்டில் டிரைவராக இருந்தேன். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள், நல்ல மனிதர்கள். பின் சீட்டில் உட்காரும் பெரியம்மாவுக்கு வண்டி கொஞ்சம் குலுங்கினாலும் ஆகாது. கியர் மாற்றுவதே தெரியக்கூடாது. அதற்காக நான் காலைக் கிளச்சிலிருந்து எடுக்காமலேயே ஓட்டப் பழகினேன். எந்த நேரமும் செருப்பு நுனி கிளச் மேல்தான். "உன்ற கால் பட்டா வண்டி ஓடறதே தெரியறதில்லப்பா" என்று அந்த அம்மா ஒரு நாள் விருந்துக்கு வந்த ஒறம்பரைகள் முன்னால் சொன்னார். அன்றைக்கு ஏறின கர்வம் எனக்கு இறங்கவேயில்லை. கால் லேசாக மேலே இருந்தாலே போதும், உள்ளே தட்டு உரசித் தேயும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். வீட்டுக் கார் தேய்ந்தால் முதலாளி மாற்றிவிடுவார். அந்தப் பழக்கத்தோடுதான் நம் வண்டிக்கு வந்தேன்.

நீங்கள் பஸ் ஓட்டி வந்தவர். கியர் மாற்றி முடித்ததும் உங்கள் கால் தரையில் இருக்கும். ஒரு தடவை உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வந்தபோது, "என்னங்க டிரைவரே, மூட்டை ஏத்தின மாதிரி ஓட்டறீங்க" என்று கிண்டல் செய்தேன். நீங்கள் சிரித்தீர்கள். என் காலைப் பற்றி அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இப்போது அந்த ஆடி மாதத்துக்கு வருகிறேன். எங்கே சுற்றினாலும் அங்கேதான் வந்து நிற்பேன். கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து உங்கள் வீட்டு அம்மணி உண்டாகி, பிரசவத்துக்கு வெள்ளகோவிலில் தாய் வீட்டுக்குப் போயிருந்தார். ஸ்டேஷனில் இறங்குகிற ஒவ்வொருவரிடமும் அதைச் சொல்லாத குறையாக நீங்கள் திரிந்துகொண்டிருந்தீர்கள். வண்டிக்குள் ஒரு சின்னத் தலையணை வாங்கிப் போட்டிருந்தீர்கள். "யாருக்குங்க இது?" என்றால், "வாறவங்களுக்குத்தானுங்க" என்று வெட்கப்படுவீர்கள்.

அந்த வாரம் என் முறையில் அந்தியூர் சந்தைக்கு ஒரு சவாரி கிடைத்தது. குதிரை பார்க்கப் போன ஒரு குடும்பம். செவ்வாய், புதன் இரண்டு நாளும் மாடுகளுக்கும் ஜனங்களுக்கும் நடுவில் வண்டியை அங்குலம் அங்குலமாக நகர்த்தினேன். இறங்கி நடக்கலாம் என்று அவர்களிடம் சொல்ல வாய் வரவில்லை. அரைக் கிளச்சிலேயே ஊர்ந்தேன். திரும்பி வரும்போது பெருந்துறைக்கு இந்தப் பக்கம் ஒரு மேட்டில் எஞ்சின் சத்தம் மட்டும் ஏறியது, வண்டி ஏறவில்லை. காலை எடுத்ததும் சுதாரித்துக்கொண்டது. கிளச் வழுக்குகிறது, தட்டு தீர்ந்துவிட்டது. எந்த டிரைவருக்கும் ஒரு நொடியில் தெரிகிற விஷயம்.

அன்று சாயங்காலம் உங்கள் வாசலில் சாவியை நீட்டினேன். "வண்டி நல்லா இருக்குதுங்க" என்றேன். வழக்கமாகச் சொல்வதுதானே, தானாக வந்தது என்று எனக்கு நானே பல தடவை சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஆனால் நீங்கள் மூக்கை உறிஞ்சி, "ஏதோ வாசம் அடிக்குதுங்களே" என்று கேட்டீர்கள். "சந்தையில சாணி மிதிச்சு வந்ததுங்க" என்றேன். அது தானாக வந்ததில்லை. யோசித்துச் சொன்ன பொய். என் கால்தான் தட்டைத் தின்றது என்று உங்கள் முன்னால் ஒப்புக்கொள்ள எனக்கு வெட்கமாக இருந்தது. நீங்கள் சிரித்துக்கொண்டே, "செரிங்க டிரைவரே" என்றீர்கள்.

வியாழக்கிழமை விடிந்ததும் வெள்ளகோவில் பஸ்ஸின் கண்டக்டர் சேதி கொண்டுவந்தார். ராத்திரியே வலி எடுத்துவிட்டது, பிள்ளை குறுக்கே கிடக்கிறது, காங்கயத்து டாக்டர் கோயமுத்தூர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார். நீங்கள் என் வீட்டுக்கு ஓடி வந்தீர்கள். "கூட வாறீங்களாங்க? எனக்குக் கை நடுங்குதுங்க. நீங்க ஓட்டுங்க" என்றீர்கள்.

ஓட்டினேன். சூலூர் தாண்டுவதற்குள் இரண்டு இடத்தில் வழுக்கியது. பல்லடத்தில் எனக்குத் தெரிந்த டாக்சிக்காரர் ஒருவர் டீக்கடை முன்னால் நின்றிருந்தார். நிறுத்தி, "டிரைவரே, கிளச்சு போச்சுங்க, நான் சொல்லாம உட்டுட்டேன், வேற வண்டி பிடிக்கலாமுங்க" என்று சொல்லியிருந்தால் முடிந்தது. முழுசாக ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. அந்த ஆள் கையை உயர்த்தினார், நானும் கையை உயர்த்திவிட்டுப் போய்விட்டேன். திரும்பி வருகிறவரை தாங்கிவிடும் என்று நினைத்தேன். தாங்கிவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை என்றும் நினைத்தேன்.

வெள்ளகோவிலில் அம்மணியைப் பின் சீட்டில் படுக்க வைத்து, தலைமாட்டில் அவருடைய தாயார் உட்கார்ந்துகொள்ள, உச்சி வெயிலில் கிளம்பினோம். காங்கயம் தாண்டி அந்த நீள மேட்டில் பாதி ஏறியதும் எஞ்சின் கதறியது. வண்டி நின்றுவிட்டது. வாசம் உள்ளே நிறைந்தது. நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. இறங்கி, ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போனீர்கள்.

கிளச்சை இழுக்கும் கம்பியின் முனையில் திருகாணிக்கு இருப்பது போல மரை வெட்டியிருக்கும். தட்டு தேயத் தேய அந்த மரையில் நட்டைத் திருப்பிச் சரி செய்துகொள்ளலாம், மரை இருக்கிறவரை. நீங்கள் அடியிலிருந்தே பேசினீர்கள். "வாரா வாரம் வியாழக்கிழமை ரெண்டு சுத்து திருப்பிட்டு வந்தேனுங்க. இன்னிக்குத்தான் பாக்கலை. மரை தீந்துபோச்சுங்க" என்றீர்கள்.

வண்டி வாங்கின நாளிலிருந்து மூன்று வருஷமாக என் கால் தேய்த்ததை நீங்கள் வாரா வாரம் மண்ணில் படுத்துச் சரி செய்திருக்கிறீர்கள். புதன்கிழமை நான் சாவி கொடுத்துவிட்டுப் போன மறுநாள், எனக்குத் தெரியாமல், என் மனசு நோகக்கூடாது என்று. நீங்கள் திருப்பத் திருப்ப, என் கையில் வண்டி அருமையாக இருக்கிறது என்று நான் மார்தட்டிக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு வியாழக்கிழமை திருப்பாமல் விட்டு, வண்டி வழுக்கி, நான் ஸ்டேஷன் முன்னால் எல்லோர் எதிரிலும் மானம் கெட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

அதற்கப்புறம் நடந்தது எனக்குத் துண்டு துண்டாகத்தான் ஞாபகம் இருக்கிறது. சூடு ஆறட்டும் என்று நின்றோம். அந்த ரோட்டில் கோயமுத்தூர்ப் பக்கம் போக ஒரு காரும் வரவில்லை. "நவுருங்க, நான் பாக்கறேன்" என்று நீங்கள் ஸ்டியரிங்கைப் பிடித்தீர்கள். பாரம் குறையட்டும் என்று நானும் அந்தத் தாயாரும் இறங்கினோம். சோளக்காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்தவர்கள் ஓடி வந்து தள்ளினார்கள். பத்தடி போகும், நிற்கும். அந்தத் தாயார் செருப்பில்லாமல் தார் ரோட்டில் ஜன்னலைப் பிடித்துக்கொண்டே நடந்தார். நான் பின்னால் தள்ளியபடி கண்ணாடி வழியே உள்ளே பார்த்தேன். அம்மணி துண்டைக் கடித்துக்கொண்டு கிடந்தவர், என்னைப் பார்த்ததும் அதை வாயிலிருந்து எடுத்தார். "உங்களுக்கெல்லாம் நெம்பச் சிரமமுங்கண்ணா" என்றார்.

மேட்டைத் தாண்டி, பல்லடம் வரை ஊர்ந்து, அங்கே வேறு வண்டி பிடித்து ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. நீங்கள் மருந்து வாங்கப் போயிருந்த நேரத்தில் நர்ஸ் வெளியே வந்தார். "நீங்கதான் அப்பாவா?" என்று என்னைக் கேட்டார். நான் இல்லை என்று சொல்லவில்லை. "பெண் கொழந்தைங்க. ரெண்டு மணி நேரம் முந்தி வந்திருந்தா பொழச்சிருக்கும். தாய்க்குப் பயமில்லை, ஆனா இனிமே பிள்ளை ஆகாது" என்றார். நாம் அந்த மேட்டில் நின்றது இரண்டு மணி நேரத்துக்கும் மேல்.

நீங்கள் மருந்தோடு ஓடி வந்து, "என்ன சொன்னாங்க?" என்றீர்கள். "எப்ப வந்திருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதுன்னுட்டாங்க" என்றேன். உங்களுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்னதாக அன்று நினைத்துக்கொண்டேன். ஆறுதல் எனக்குத்தான் வேண்டியிருந்தது.

தட்டை மாற்றினோம். பன்னிரண்டு வருஷம் அதே வண்டியை அதே முறையில் ஓட்டினோம். அன்றிலிருந்து என் கால் தரையில்தான். வண்டி குலுங்குகிறது என்று சவாரிகள் முகம் சுளித்தார்கள், சுளிக்கட்டும் என்று விட்டேன். என் கால் மாறியதை நீங்கள் கவனிக்காமல் இருந்திருக்க முடியாது. அப்படியும் வியாழக்கிழமை காலையில் உங்கள் தெரு வழியாகப் போனால், வண்டிக்கு அடியில் உங்கள் கால்கள் நீட்டிக்கொண்டிருக்கும். நான் பார்க்காத மாதிரி திரும்பிவிடுவேன்.

பங்குனியில் மஞ்சள் காமாலை வந்து, பதினைந்தே நாளில் போய்விட்டீர்கள். காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு அம்மணி என்னை உட்காரச் சொல்லிக் காப்பி கொடுத்தார். அவராகவேதான் பேச்சை எடுத்தார். "கடைசி வரைக்கும் அவருக்கு அந்த ஒரு ரோசனைதானுங்கண்ணா. வியாழக்கிழமையானா வண்டியைப் பாக்காம எடுக்க மாட்டேன், அன்னிக்கு ஒரு நாள் பாக்காம எடுத்தேன், என்ற புள்ளைய நானே கொன்னுபோட்டேன்னு சொல்லிச் சொல்லி அழுவாரு. அப்படியெல்லாம் இல்லீங்கன்னு நானும் எத்தனையோ சொல்லிப் பாத்தேன். நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கேட்டிருப்பாருங்கண்ணா. உங்க மேல அவருக்கு அவ்வளவு நம்பிக்கை" என்றார்.

அந்தக் காப்பி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அவரு மேல தப்பே இல்லீங்கம்மணி" என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டேன். யார் மேல் தப்பு என்று அவர் கேட்கவில்லை. கேட்கிற பழக்கம் அந்த வீட்டில் யாருக்கும் கிடையாது. பிறகு மூன்று தடவை சொல்லிவிடுவது என்றே போனேன். மூன்று தடவையும், "வாங்கண்ணா" என்று காப்பி வைத்தார். குடித்துவிட்டு வந்தேன். இனி போனாலும் குடித்துவிட்டுத்தான் வருவேன். எனக்கு என்னைத் தெரியும்.

நேற்று கேட்டிலிருந்து ஒருவழியாக வண்டியை எடுத்துக்கொண்டு வந்து கழுவினேன். புதன்கிழமை. கழுவி முடித்துச் சாவியோடு உங்கள் தெருப் பக்கம் நடக்கத் தொடங்கி, பாதியில்தான் ஞாபகம் வந்தது. இன்று காலை பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தேன். புதுத் தட்டு போட்ட இத்தனை வருஷத்துக்கு, பழையபடி வாரா வாரம் திருப்பியிருந்தால், அந்த நட்டு கடைசி மரைக்குப் பக்கத்தில் வந்திருக்க வேண்டும். பாதிக்கு மேல் மரை பாக்கி இருந்தது. நீங்கள் வாரா வாரம் படுத்துப் பார்த்தீர்கள், திருப்ப வேண்டிய வேலை இருக்கவில்லை. அன்றோடு என் கால் தரைக்கு இறங்கிவிட்டதும், ஏன் இறங்கியது என்பதும் அந்த மரையிலேயே உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. அப்போதும் நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை.

வெளியே வர மனமில்லாமல் அங்கேயே வெகுநேரம் கிடந்தேன். வண்டி நல்லா இருக்குதுங்க, டிரைவரே.