சொக்கிக்குத் திக்கட்டும்

மேற்கு மாம்பலம்
8 ஜூலை 2024

சொக்கி கார்ட்டூன் எடுக்கிற நோரா அம்மா அவர்களுக்கு,

வணக்கம். துரைசாமி சப்வேக்குப் பக்கத்தில் சின்னதாக ஜவுளிக்கடை வைத்திருக்கிறோம். சொந்த ஊர் தென்காசிப் பக்கம். டிவிக்காரர்களுக்கு நான் இதுவரை ஒரு வரி எழுதியதில்லை. நீங்கள் எழுத வைத்துவிட்டீர்கள்.

அடையாறு கடலில் சேருமிடத்தில் ஒரு நண்டுக்குட்டி, அதற்குக் கூட்டாளியாக ஆமையும் கொக்கும். எல்லாம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சொக்கி ஏன் திக்கிப் பேச வேண்டும்? என் மகள் பூஜாவுக்கு ஒன்பது வயது. அவளுக்கும் திக்குவாய். முன்பெல்லாம் வகுப்பில் வாயைத் திறக்காமலே காலம் தள்ளிவிடுவாள். உங்கள் கார்ட்டூன் வந்ததிலிருந்து அவளுக்குப் பெயரே 'சொச்சொச்சொக்கி'. ஸ்கூல் வேனில் ஏறும்போதே ஆரம்பித்துவிடுகிறார்கள். இன்று காலை ஏறமாட்டேன் என்று வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

உங்களுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். அவள் நான் பெற்ற பிள்ளை. அந்த நண்டை ஒழுங்காகப் பேச வையுங்கள்.

இப்படிக்கு,
ஜ. பேச்சியம்மாள்


மந்தைவெளி
2 ஆகஸ்ட் 2024

மதிப்புக்குரிய பேச்சியம்மாள் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று எனக்கு வேலை ஓடவில்லை. பூஜாவிடம் நான் மிகவும் வருத்தப்பட்டதாகச் சொல்லுங்கள்.

வேடிக்கைக்காகச் செய்யவில்லை. என் தம்பி நோயலும் திக்குவான். பள்ளி நாடகம் எதுவானாலும் அவனுக்கு மரம் வேஷம்தான் கொடுப்பார்கள். திக்குகிற ஒருத்தி கதாநாயகியாக இருக்கட்டுமே என்றுதான் சொக்கியை உருவாக்கினேன்.

பார்த்தவர்கள் சொல்வது ஆளுக்கொரு விதம். தமிழைக் கொல்கிறீர்கள் என்று ஒரு பெரியவர் திட்டினார். எங்கள் வகுப்பில் திக்குகிற ஒரு பிள்ளை முதல் தடவையாகக் கை தூக்கியது என்று ஒரு டீச்சர் எழுதியிருந்தார். "சொக்கி பேசி முடிக்கிறதுக்குள்ள நான் தோசையே சாப்ட்டு முடிச்சிடுவேன்" என்று சாய்சரண் என்ற பொடியன் குரல் பதிவு அனுப்பியிருந்தான். கொக்கு மட்டும் போதும், நண்டு வேண்டாம் என்றவர்களும் உண்டு.

சேனல் கூட்டத்தில் உங்கள் கடிதத்தைச் சத்தமாக வாசித்தார்கள். அதற்குமேல் நான் சொன்னது எடுபடவில்லை. அடுத்த சீசன் முதல் பகுதியில் சொக்கி ஏதோ ஒரு கடல்பாசியைத் தின்பாளாம். அதோடு திக்கல் போய்விடுமாம். நீங்கள் கேட்டது நடந்துவிட்டது. எனக்கு இதில் உடன்பாடில்லை. ஆனாலும் உங்கள் மகள் நிம்மதியாக வேன் ஏறினால் சரி.

அன்புடன்,
நோரா ஞானதாஸ்


மேற்கு மாம்பலம்
11 ஆகஸ்ட் 2024

நோரா அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பூஜாவை ஓடிப் போய்க் கூப்பிட்டேன். "ஏட்டி, நாம ஜெயிச்சுட்டோம்! சொக்கிக்கு வாய் சரியாகப் போகுதாம். அம்மா லெட்டர் போட்டதுக்குத்தான்!" என்றேன்.

அவள் சிரிப்பாள் என்று பார்த்தேன். "எ... எப்டி சரியாகும்?" என்று கேட்டாள்.

"என்னமோ பாசி திங்காளாம்."

"அந்தப் பாசி எ... எங்கம்மா கிடைக்கும்?"

அது சும்மா கதைதான் என்றேன். "அப்ப அவளும் போயிட்டாளா? இனிமே நான் மட்டும்தானா?" என்று கேட்டுவிட்டு அழுதாள் பாருங்கள், அப்படி ஓர் அழுகை.

அப்புறம்தான் தெரிந்தது. நான் கடையில் இருக்கும்போது ஒரு வாரம்கூட விடாமல் சொக்கியைப் பார்த்திருக்கிறாள். அவள் கோபமெல்லாம் கேலி செய்கிற பிள்ளைகள் மேல்தான். சொக்கி அவளுக்கு உயிர். ஒரே ஒரு குறை மட்டும் சொன்னாள். அதை அப்படியே எழுதுகிறேன்: "சொக்கிக்குப் பேசுற ஆன்ட்டி தப்பா திக்குறாங்கம்மா. எனக்கு சொ-சொ-சொன்னு ஈஸியா வராது. சத்தமே வராம நின்னுடும். அப்புறம் திடீர்னு வந்து விழும்."

மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போய் டீச்சரிடம் ஒரு மூச்சு சண்டை போட்டேன். வேன் ஓட்டுகிற அய்யாதுரை அண்ணன் இப்போது பூஜாவை முன் சீட்டில் உட்கார வைத்துக்கொள்கிறார்.

சேனலுக்குக் கொடுக்க வேண்டிய கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். அதில் எழுதியிருப்பது இவ்வளவுதான்: "நான் முன்னால் எழுதியதைக் கிழித்துப் போடுங்கள். பாசியும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். சொக்கிக்குத் திக்கட்டும்."

பேச்சியம்மாள்


மந்தைவெளி
30 ஆகஸ்ட் 2024

அன்புள்ள பேச்சியம்மாள் அக்காவுக்கு,

அக்கா என்று எழுதலாம் அல்லவா?

உங்கள் இரண்டாவது கடிதத்தைச் சேனல் கூட்டத்தில் நானே எழுந்து நின்று வாசித்தேன். முதலில் சிரித்தார்கள். "அந்தப் பாசி எங்கம்மா கிடைக்கும்" என்று பூஜா கேட்டதைச் சொன்னதும், சிரித்தவர்களே இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்கள். கடைசியில் ஒரே ஒரு பகுதிக்கு மட்டும் அனுமதி தந்திருக்கிறார்கள். அது எடுபட்டால் சொக்கி இப்படியே இருப்பாள். இல்லையென்றால் பாசிதான்.

பூஜா சொன்னது சரி. நாங்கள் காதால் கேட்ட திக்கலைத்தான் போட்டிருக்கிறோம், தொண்டையில் நிற்கிற திக்கல் எங்களுக்குத் தெரியவில்லை. அதனால் கேட்கிறேன். சொக்கிக்கு அவளே குரல் கொடுப்பாளா?

அன்புடன்,
நோரா


மேற்கு மாம்பலம்
6 செப்டம்பர் 2024

அன்புள்ள நோராவுக்கு,

வீட்டில் பெரிய பேச்சாகிவிட்டது. "டிவியில வந்தா ஊருக்கே தெரிஞ்சிருமே. நாளைக்கு அவளுக்கு ஒரு நல்ல இடம் அமைய வேண்டாமா?" என்றார் என் வீட்டுக்காரர். எனக்கும் உள்ளுக்குள் அதே பயம்தான், பொய் சொல்வானேன்.

பூஜா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். "ஊருக்கு இப்பவே தெ... தெரியும்பா. நான் பேசினா தெரியாதா?" என்றாள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். சாயங்காலம் வரும்போது அவளுக்குப் புதுப் பாவாடை சட்டைக்குத் துணி கிழித்துக்கொண்டு வந்தார்.

அடுத்த சனிக்கிழமை வருகிறோம்.

பேச்சியம்மாள்


மந்தைவெளி
20 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்கா,

ராஜா அண்ணாமலைபுரத்தில் எங்கள் ஒலிப்பதிவு அறைக்கு வெளியே சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு நீங்கள் உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நடந்ததை நீங்கள் பார்க்கவில்லையே, அதனால் எழுதுகிறேன்.

பூஜா மைக்கைவிட்டுத் தள்ளியே நின்றாள். ஒலிப்பதிவு செய்கிற அமீன் பாய் அவளிடம் வந்து, "இன்னா பாப்பா பயம்? மைக்கு கடிச்சா வைக்கும்? நீ நிதானமா பேசு, எனக்கு இன்னா அவசரம் கீது?" என்றார்.

கழிமுகத்தில் மண் கொட்ட லாரிகள் வருகிற காட்சி. மற்றவை எல்லாம் ஓடிவிடும். சொக்கி மட்டும் எதிரே போய் நின்று, "நில்லுங்க! இது எங்க வீடு!" என்று கத்த வேண்டும். பூஜா வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது. நான் நிறுத்தச் சொல்லப் போனேன். அமீன் பாய் கையை உயர்த்தி என்னைத் தடுத்தார். அப்புறம் வந்தது அக்கா, இடி விழுந்த மாதிரி. ஒலி அளவு காட்டுகிற மீட்டர் முள் சிவப்புக்குப் போய்விட்டது.

"கெலிச்சிட்டே பாப்பா!" என்று அமீன் பாய் கத்தியது மட்டும் வெளியே உங்கள் காதிலும் விழுந்திருக்கும்.

நேற்று சேனலில் போட்டுக் காட்டினோம். அந்த மௌனத்தில் எல்லோரும் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்கள். பாசி கதையை எடுத்தாயிற்று. சீசன் முழுக்கச் சொக்கி நம் பூஜாதான்.

உங்கள்,
நோரா


மேற்கு மாம்பலம்
19 ஜனவரி 2025

என் பிரியமுள்ள நோரா,

உன்னை இனி 'நீ' என்றுதான் எழுதுவேன், கோபித்துக்கொள்ளாதே. பொங்கலுக்கு எங்கள் ஊர் வழக்கப்படி கரும்பும் அரிசியுமாகப் படி கொண்டுவருகிறேன் என்று சொல்லி வராமல் போனேன். கடையில் கூட்டம்.

வேனில் இப்போது சொக்கி பக்கத்தில் யார் உட்காருவது என்று சண்டை நடக்கிறதாம். இன்று காலை கடையில் நடந்ததைத்தான் உடனே சொல்ல வேண்டும். ஓர் அம்மா மகனோடு புடவை எடுக்க வந்தார். டிவியில் சொக்கி ஓடிக்கொண்டிருந்தது. "இந்த கார்ட்டூனை எங்க வீட்ல போடவே விடமாட்டேன். நல்லா பேசுற பசங்களையும் கெடுத்துடும்" என்றார். எனக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதற்குள் வீட்டுப்பாடக் கணக்கு எழுதிக்கொண்டிருந்த பூஜா நிமிர்ந்தாள்.

"அ..." என்று நின்றது. கடையில் எல்லோரும் திரும்பினார்கள். அவள் தலையைக் குனியவில்லை. அந்த அம்மா முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "...அது நான்தான் ஆன்ட்டி."

அந்தப் பையன் அம்மா கையை உதறிவிட்டு ஓடி வந்தான். "சொக்கியா? நெசமாவே நீதானா சொக்கி?" என்று அவளைச் சுற்றிச் சுற்றி வந்தான். அந்த அம்மாவுக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. புடவைக்குக் காசு கொடுத்துவிட்டுக் கிளம்பும்போதும், "இருந்தாலும் நல்லா பேசுற மாதிரி வெச்சிருக்கலாம்" என்றுதான் சொன்னார்.

பூஜா பையை அவரிடம் நீட்டிச் சிரித்தாள். "ஞா... ஞாயித்துக்கிழமை காலைல பத்து மணி ஆன்ட்டி. த... தம்பியோட சேர்ந்து பாருங்க!" என்று தெரு வரை கேட்கிற மாதிரி சொன்னாள்.

உன்
பேச்சியக்கா