நால்வரும் வெறுங்காலோடு

சிங்கப்பூர்
12.6.1966

அன்புள்ள அப்பாவுக்கு, பூங்கோதையின் வணக்கம். உங்கள் முதுகுவலி தேவலையா? நான் சுகம். பரிமாற்ற மாணவியாக வந்து மூன்று மாதத்தில் பள்ளி நன்றாகப் பழகிவிட்டது.

நேற்று பள்ளியில் அஞ்சலோட்டப் பந்தயம், நம் ஊர்த் தொடர் ஓட்டம்தான்; அணிக்கு நான்கு பேர். புது ஷூ கடித்ததால் அதைப் போட்டுக்கொண்டு ஓட முடியவில்லை. வெறுங்காலோடு ஓடினால் எல்லோரும் சிரிப்பார்களே என்று தயங்கினேன். எங்கள் அணித் தலைவி சரோஜா, "நீ மட்டும் ஏன் வெறுங்காலோட ஓடணும்? நாங்களும் கழட்டுறோம் லா!" என்றாள். (இந்த 'லா' இங்கே எல்லோர் பேச்சிலும் ஒட்டிக்கொண்டு வரும்.) நால்வரும் வெறுங்காலோடு ஓடி இரண்டாவதாக வந்தோம். எனக்குக் காலில் சிறு கீறல்தான். நான் தங்கியிருக்கும் வீட்டுச் சந்திரமதி அக்கா மஞ்சள் பற்றுப் போட்டார்.

அம்மாவின் பழைய புடவை ஒன்று அனுப்புங்கள். மழை நாளில் போர்த்திக்கொள்ளத்தான். துவைக்காமலே கொடுக்கும்படி அம்மாவிடம் சொல்லுங்கள். தபால் பெட்டிக்கு ஓடுகிறேன்.

உங்கள் மகள்,
பூங்கோதை