அக்கா, அந்த மாத்திரையை இனிப் போடாதீர்கள்

இந்நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துவிடுங்கள் அக்கா. மாமாவின் போன் மத்தியானத்திலிருந்து அணைந்தே கிடக்கிறது. கரும்பு வெட்டும் இடத்தில் சார்ஜ் ஏறியதும் முதலில் இதைப் படியுங்கள்: நான் கொடுத்தனுப்பிய தலைவலி மாத்திரையை இனித் தொடவேண்டாம்.

பாப்பாவைத் தூங்கவைத்துவிட்டு, நீங்கள் விட்டுப்போன தைல டப்பாவைத் திறந்தேன். அந்த வாசனையில், நம் இரண்டு வீட்டிலும் காய்ச்சலில் படுத்துக் கிடந்த நாட்கள் நினைவுக்கு வந்துவிட்டன. இரண்டு வீட்டுக்கும் ஒரே குண்டானில் கஞ்சி. பாப்பா உங்கள் மடியில். தலையில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "ஜொரம் போயிடுச்சுடி, மூட்ட முடிச்ச மட்டும் என் தலையிலயே வச்சிட்டுப் போயிடுச்சு" என்றீர்கள். வலிக்கிறதே என்று தலையைப் பிடித்துக்கொண்டே சிரித்தோம்.

எனக்கும் தலைவலி விடாததால் கள்ளக்குறிச்சியில் டாக்டரைப் பார்த்தேன். வயிற்றில் புண் உண்டா என்று கேட்டுவிட்டுத்தான், வீக்கத்தையும் வலியையும் குறைக்கும் மாத்திரையைக் கொஞ்ச நாளைக்கு எழுதினார். அந்த மாத்திரை எனக்குக் கேட்டது; வலி விட்டது.

நீங்கள் கரும்பு வெட்டப் போக லாரி ஏறிய அன்று, மிச்சமிருந்த அட்டையை உங்கள் முந்தானையில் முடிந்துவிட்டேன். "ஒரே ஜொரம், ஒரே தலைவலி. உங்களுக்கும் கேக்கும்க்கா" என்றேன்.

"இன்னா மாத்தரயோ, இன்னாத்துக்கு அது?" என்று மாமா முணுமுணுத்தார்.

"நீ சும்மா இருய்யா. படிச்ச புள்ள, தெரியாமயா குடுக்கும்?" என்று அவர் வாயை அடைத்தீர்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இன்று பாப்பாவைக் காட்டப் போனபோது மிச்ச மாத்திரையைக் கொடுத்துவிட்டதை அதே டாக்டரிடம் அந்தப் பெருமையோடுதான் சொன்னேன். "யாருக்கும்மா குடுத்தீங்க? அவங்களுக்கு அல்சர் இருக்கா?" என்றார். துளி காரம் பட்டாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மோர் தேடுவீர்களே. குடல்புண்ணுக்கு மருந்து வாங்க உங்களோடு வந்தவளே நான்தானே. என்னிடம் கேட்ட கேள்வியை உங்களிடம் கேட்க எனக்குத் தோன்றவில்லை. புண் இருந்தால் இந்த மாத்திரையால் உள்ளே ரத்தம் கசியலாம் என்றார் டாக்டர். கூனிக் குறுகி வெளியே வந்தேன். நீங்கள் என்மேல் வைத்த நம்பிக்கை இப்போது நெஞ்சில் கல்லாகக் கிடக்கிறது.

மிச்சத்தை எறிந்துவிடுங்கள். மலம் கறுப்பாகப் போனாலோ, வாந்தியில் ரத்தம் தெரிந்தாலோ, தலை சுற்றினாலோ, மேஸ்திரி என்ன சொன்னாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தலைவலி விடாவிட்டால் குடல்புண்ணைச் சொல்லி அங்கேயே வேறு மருந்து கேளுங்கள்.

என்னைத் திட்டுவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். வயிறு எப்படி இருக்கிறது என்று மட்டும் சீக்கிரம் பதில் போடுங்கள், அக்கா.