திறந்து பார்த்தது யார்?

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். போனை எடுக்காமல், மெயிலைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பவனுக்குத் தாளில்தானே எழுத வேண்டியிருக்கிறது. என் முதுகுவலி அப்படியேதான் இருக்கிறது. மாமா நலம், வழக்கம்போல மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

உன் மனைவி போனில் அழுதாள். குழந்தைங்க புக்குக்கு வரைஞ்சதையெல்லாம் பழைய பேப்பர் கடையில போடப் போறேங்கிறாரு அண்ணி, இவர் மெயில் அனுப்பின நிமிஷமே பதிப்பகத்துக்காரங்க தொறந்து பாத்துட்டு வேணாம்னு மூடிடறாங்களாம் என்றாள். நீ அனுப்பிய மெயில் ஒன்றை என் ஆபீஸ் முகவரிக்கு அனுப்பச் சொன்னேன். வரவேயில்லை. தேடினால், ஸ்பாம் குப்பையில் கிடக்கிறது! என் பிழைப்பே அந்தக் குப்பையைக் கிளறுவதுதானே. கம்பெனிக்கு வரும் மெயிலில் வடிகட்டி மென்பொருள் பிடித்து வைத்ததைப் பார்த்து, நல்லதை விடுவிக்க வேண்டும். விடுவித்தாலும் திட்டு, விடாவிட்டாலும் திட்டு. அலுத்துவிட்டதடா.

உன் படங்கள் இருக்கும் பக்கத்தின் முகவரி நீளம் என்று சுருக்கியிருக்கிறாய், சரி. எத்தனை பேர் திறக்கிறார்கள் என்று எண்ணுவதற்காக, சுருக்கியதை இன்னொரு இடத்தில் கொடுத்து மறுபடியும் சுருக்குவார்களா? தலையைச் சுற்றி மூக்கைத் தொட்டிருக்கிறாய். மோசடிக்காரர்களும் இப்படித்தான் போகுமிடத்தை மறைப்பார்கள். அதனால் வடிகட்டி தானே அந்த லிங்கைத் திறந்து, ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவி, கடைசிவரை போய்ப் பார்க்கும். சந்தேகம் வந்தால் குப்பையில் தள்ளிவிடும்.

அட மக்கு, நிமிஷத்துக்குள் திறந்தது மனிதரில்லை, மெஷின்! எனக்கு வந்ததை நான் தொடுவதற்கு முன்பே, திறந்தவர்கள் என்று நீ எண்ணும் கணக்கில் ஒன்று கூடியிருந்தது. உன் மனைவியிடம் கேட்டு உறுதி செய்துகொண்டேன். மற்ற இடங்களிலும் இதே கதையாகத்தான் இருக்கும்.

பிறகு நான் விடுவித்துப் பார்த்தேன். பஸ்ஸுக்குக் குடை பிடிக்கிறதே ஒரு பூனை, அதைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பக்கத்து சீட்டுக்காரி, என்னடி, உனக்குச் சிரிக்கக்கூடத் தெரியுமா என்றாள். அவளுக்கும் காட்டினேன். என் பையனுக்கு இந்தப் புக்கு எங்க கிடைக்கும் என்று கேட்டாள். இன்னும் புக்காகவில்லை என்று சொல்ல வேண்டியதாயிற்று.

முழு முகவரியை அப்படியே போட்டு எல்லோருக்கும் மறுபடி அனுப்பு. நீளமாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். யாராவது பார்த்துவிட்டு வேண்டாம் என்றால், அன்றைக்கு லீவு போட்டுவிட்டு வருகிறேன், சேர்ந்து அழலாம். யாருமே பார்க்காததற்கு ஏன் கண்ணா இப்போதே அழுகிறாய்?

நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அக்கா