பத்தாம் எண்

பிப்ரவரி 15, வியாழன்

காலையில் பனி. வாசல் கேட் கம்பி ஈரம். மின்சாரம் போவதும் வருவதுமாக. செய்முறைத் தேர்வுத் தாள்கள் பாதி திருத்தியாயிற்று, மீதி ஞாயிறு.

சனிக்கிழமைக்கு: கான்வாஸ் ஷூ (இடது கயிறு மாற்ற வேண்டும்), பிளாஸ்க், முழுக்கை ரவிக்கை. ரூபிக்கு பிஸ்கட். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவள், நேரத்துக்கு ஏதாவது வாயில் போடாவிட்டால் வியர்த்துக் கொட்டும் அவளுக்கு.

எல்லாம் அவளால். எங்கள் கல்லூரியில் நான் வேதியியல், அவள் தமிழ். இயற்கை வட்டத்தின் பௌர்ணமி நடைக்கு இதுவரை ஆண்கள் மட்டுமே. அதன் செயலாளர் நாராயணன் சாரை ஒரு வருடம் துளைத்தெடுத்துப் பெண்களுக்கும் இடம் வாங்கியிருக்கிறாள். “நீ வராட்டி நானும் போகல சரோ. அப்புறம் பாரு, கூப்பிட்டோம், பொம்பளைங்க வரலேம்பாங்க.”

நிலா என்பது வெயிலின் மிச்சம்தானே, அதைப் பார்க்க வண்டலூர்க் காடு வரை எதற்கு என்றேன்.

“மிச்சத்தைத்தான் பாப்போமே.”

பிப்ரவரி 18, ஞாயிறு

தூக்கமில்லை. ஷூவெல்லாம் நெருஞ்சி முள். தாள்களைத் தொடவில்லை. நடந்ததை வரிசையாக எழுதிவிட வேண்டும்.

மொத்தம் பத்துப் பேர். வழிநடத்தியவர் டேனியல் சார், பையன்கள் கல்லூரியில் புவியியல். டார்ச் அவர் கையில் மட்டும். “கண்ணு நிலாவுக்குப் பழகணும். வெளிச்சம் போட்டா போச்சு.” ஆளுக்கொரு எண். நிற்கும் இடத்திலெல்லாம் முன்னாலிருந்து வரிசையாக எண் சொல்ல வேண்டும், பிறகுதான் நடக்கலாம். ஆண்கள் முன்னால், பெண்கள் பின்னால். அது யாரும் சொல்லாமலே அமைந்தது. எங்கள் கல்லூரி சுசீலா எட்டு, நான் ஒன்பது, மெதுவாக நடக்கிற ரூபி பத்து.

நன்றாகத்தான் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். பாறையெல்லாம் சுண்ணாம்பு பூசிய மாதிரி. என் நீலப் புடவை சாம்பல் நிறம். பாதையில் உட்கார்ந்திருந்த ஒரு பக்கிக்குருவி காலடியில் வரும்வரை அசையவில்லை.

முதல் நிறுத்தம். ரூபி என் காதில், “சக்கரை பண்ற வேலை. ஒதுங்கிட்டு வந்துடறேன். என் நம்பரையும் நீயே சொல்லிடு.” புதர்ப் பக்கம் போனாள். எண்கள் வந்தன. ஒன்பது என்றேன். குரலைக் கொஞ்சம் தாழ்த்திப் பத்து என்றேன்.

“சரி, நடங்க.”

ஒரு நிமிடம் இருங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். ஏன் என்று கேட்பார்கள். ஏழு ஆண்கள். என்ன சொல்வது? அடுத்த வளைவுக்குள் வந்து சேர்ந்துகொள்வாள் என்று நடந்தேன். திரும்பித் திரும்பிப் பார்த்தேன். வரவில்லை.

இரண்டாவது நிறுத்தம். ஒன்பது.

பிறகு, பத்து.

இதைத்தான் எழுதவேண்டும் என்று உட்கார்ந்தேன். அவள் பின்னால் இல்லை என்று தெரியும். தெரிந்தே சொன்னேன். சொல்லாவிட்டால் முதலில் சொன்னதும் வெளியே வந்துவிடும் என்று. அவ்வளவுதான் காரணம். வேறு நல்ல காரணம் இருக்கிறதா என்று காலையிலிருந்து தேடிப் பார்த்துவிட்டேன்.

மூன்றாவது நிறுத்தத்தில் வாய் வரவில்லை. “பத்து?” என்றார் டேனியல் சார். “பத்து?” எல்லோரும் திரும்பி ஓடினோம். புதருக்குப் பக்கத்தில் ஒரு பாறைமேல் உட்கார்ந்திருந்தாள். கணுக்கால் பிசகியிருந்தது. ரவிக்கை தொப்பலாக நனைந்திருந்தது, கை நடுக்கம், பேச்சுக் குழறல். ஏதோ ஞானப்பாட்டை முனகிக்கொண்டிருந்தாள். பிஸ்கட் என் பையில்.

நாராயணன் சார்: “பத்து பேரை எண்ணத் தெரியாதா மிஸ்டர் டேனியல்?”

“பத்துன்னு கேட்டுதே சார்.”

“கேட்டுதா? யார் சொன்னா, பேயா?”

இரண்டு பேர் சிரித்தார்கள். நான் ரூபியின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 19, திங்கள்

வெயில் ஏறிவிட்டது. ஆய்வகத்தில் கேஸ் கசிவு, ஆள் வரவில்லை.

ஆசிரியர் அறையில் சுசீலா நடித்தே காட்டிக்கொண்டிருந்தாள். “டேனியல் சாருக்கு மேப்புதான் வரும், கணக்கு வீக்.” ஒரே சிரிப்பு. என்னைப் பார்த்து, “நீங்க ரூபி மேடத்துக்கு முன்னாலயே நின்னீங்களே மேடம், உங்களுக்கும் கேட்டுச்சா அந்தப் பேய்?”

“கவனிக்கல.”

இன்னொரு பொய். சின்னது என்பதால் வேகமாக வந்தது.

வெள்ளிக்கிழமை வட்டத்தின் கூட்டமாம். டேனியல் சாரை வழிநடத்தும் பொறுப்பிலிருந்து நீக்குவது, இனிப் பெண்களை அழைத்துப் போவதில்லை. இரண்டு தீர்மானம்.

பிப்ரவரி 20, செவ்வாய்

மாலை சிட்லபாக்கம், ரூபி வீடு. ஏரிப் பக்கம் காற்று. வீட்டில் தம்பி மனைவி சர்க்கரையில்லாக் காபி கொடுத்தாள், எனக்கும். கேட்க மனமில்லை, குடித்தேன்.

காலில் கட்டு. முகம் தெளிந்திருந்தது.

“நீ பத்துன்னு சொன்னது எனக்குக் கேட்டுது சரோ. அப்பாடா, மானம் பொழைச்சுதுன்னு நெனச்சேன். எழுந்திருக்கறப்போதான் கால் மடங்கிடுச்சு. உங்க காலடிச் சத்தம் போய்க்கிட்டே இருக்கு.”

“கத்தியிருக்கலாமே.”

“புதருக்குள்ளேர்ந்தா? நாராயணன் சார், கொஞ்சம் வாங்கன்னா?” சிரித்தாள். “பாட்டுச் சத்தம் கேட்டா நீ வருவேன்னு பாடினேன். போகப் போக எந்தப் பாட்டுன்னே தெரியல.”

அவள் காலில் கட்டின் நுனி அவிழ்ந்திருந்தது, செருகிவிட்டேன்.

“விடு. ஒரு தடவை நான் சொல்லச் சொன்னேன், நீ சொன்னே. அதுக்கா மூஞ்சியை இப்படி வெச்சிருக்கே? வெள்ளிக்கிழமை நானே வந்து பேசிக்கறேன். பாவம் அந்த மனுஷர்.”

ஒரு தடவை என்றாள். திருத்துவதற்கு வாய் திறந்தேன். அவள் தம்பி வந்துவிட்டார், கேஸ் கனெக்ஷன் பற்றிப் பேசினோம்.

பிப்ரவரி 22, வியாழன்

தாள்கள் முடிந்தன. ஒரு பெண் அளவீடு தவறிப்போனதை மறைக்கக் கணக்கை நேர்த்தியாகத் திருத்தி எழுதியிருக்கிறாள். மதிப்பெண் குறைக்கப் பேனாவை எடுத்து, நெடுநேரம் வைத்துக்கொண்டிருந்தேன். குறைத்தேன்.

பிப்ரவரி 23, வெள்ளி

நாராயணன் சார் வீட்டு முன்கூடம். மின்சாரம் இல்லை, அரிக்கேன் விளக்கு. ரூபி ரிக்ஷாவில், கையில் தடி.

அவளே எழுந்தாள். “டேனியல் சார் சரியாத்தான் எண்ணினார். நான் ஒதுங்கப் போயிருந்தேன். என் நம்பரைச் சொல்லச் சொல்லிட்டுப் போனேன். தப்பு என்னுது.”

ஆண்கள் எல்லோரும் ஓடாத மின்விசிறியைப் பார்த்தார்கள். யார் சொன்னது என்று யாரும் கேட்கவில்லை. அதோடு முடிந்துவிடும் போலிருந்தது. முடிந்துவிட வேண்டும் என்று விரும்பினேன்.

நாராயணன் சார் விடுவதாக இல்லை. “சரி, முதல் ஸ்டாப்புல ஒத்துக்கறேன். ரெண்டாவது ஸ்டாப்புலயும் பத்து வந்துதுன்னீங்களே டேனியல்?”

டேனியல் சார் என் பக்கம் பார்க்கவே இல்லை. “எனக்கு அப்படித்தான் ஞாபகம் சார். தப்பா இருக்கலாம்.”

“அதைத்தான் சொல்றேன். ஞாபகம் தப்பறவரை நம்பிக் காட்டுக்குள்ள...”

“தப்பில்ல,” என்றேன். உட்கார்ந்தபடியே. “ரெண்டாவது தடவையும் நான்தான் சொன்னேன்.”

“மேடம், அப்பவும் அவங்க சொல்லச் சொல்லி...” என்று இழுத்தார் நாராயணன் சார்.

“இல்ல. அவங்க வரலைன்னு எனக்குத் தெரியும்.”

சுசீலா என்னைப் பார்த்தாள். விளக்கை யாரோ தூண்டினார்கள். முதல் தீர்மானம் கைவிடப்பட்டது. பெண்கள் விஷயம் அடுத்த கூட்டத்துக்கு.

வாசலில் டேனியல் சார் வணக்கம் சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறினார். நன்றி சொல்லவில்லை, சொன்னால் தாங்கியிருக்க முடியாது.

ரூபி ரிக்ஷாவில் ஏறியிருந்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன். வழக்கமாக நகர்ந்து இடம் விடுவாள், முந்தானையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு.

“ரெண்டு தடவையா சரோ?”

ஆமாம் என்றேன்.

ரிக்ஷாக்காரர் திரும்பினார். “இன்னாம்மா, ரெண்டு பேரா?”

“ஒருத்தர்தான்,” என்றாள்.